பெண்ணைக்கரை வாணிகமும் நடுநின்ற சாட்சியும்

தைத் திங்கள் ஐந்தாம் நாளில் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்காகத் தென்பெண்ணையாற்றுக்கு எழுந்தருளும் சம்பிரதாயம் உள்ளபடியால், அவ்வாற்றின் தென்கரையில் அமைந்த மணலூர்பேட்டை என்னும் சிறு பேரூர் ஆண்டில் ஒரு நாள் பெருநகரத்துக்குரிய ஜனநெருக்கத்தை அடைந்துவிடுகிறது. சுற்றுவட்டாரத்துக் கிராம தெய்வங்கள் பலவும் அன்று ஆற்று மணலில் வந்து கூடுகின்றன. தெய்வங்களைத் தொடர்ந்து மக்களும், மக்களைத் தொடர்ந்து வியாபாரிகளும் வந்து நிறைகின்றனர். கரும்பும் பொரியும் வளையலும் விளையாட்டுச் சாமானும், இவ்வட்டாரத்து ஆற்றுத் திருவிழாக்களுக்கே உரிய சுருளிக்கிழங்கும் மணலில் விரித்த சாக்கின்மேல் குவிந்து கிடக்கும். அவற்றை விற்பவருள் பெரும்பாலோர் பொழுது சாய்ந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவர். அவர் பெயர் யாது, ஊர் யாது என்பதை வாங்கியவர் அறியார், அறிய முற்படுவதும் இல்லை. பண்டம் கண்ணெதிரே கிடக்கிறது. கையால் தொட்டும் முகர்ந்தும் ஒரு துண்டைக் கடித்தும் பார்த்து வாங்கலாம். ஆகவே விற்பவனுடைய யோக்கியதையைப் பற்றிய விசாரணை அங்கே அதிகம் தேவைப்படவில்லை. பண்டமும் விற்பவனும் கண்பார்வையை விட்டு அகன்ற பிறகே அந்த விசாரணை தொடங்குகிறது. இன்று கைபேசியின் வழியே சரக்கை விற்க முற்பட்டிருக்கும் சிறு வியாபாரிகளின் முன்னே நிற்பதும் அதுவே.

இது புதிதாகப் பிறந்த சங்கடம் என்று எண்ணுவோர் பெண்ணைக்கரையின் பழைய சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் வாணிகம் செய்ய நேர்ந்த ஒவ்வொரு காலத்திலும், இருவருக்கும் பொதுவான ஒரு சாட்சியை நடுவிலே நிறுத்தியே நம் முன்னோர் காரியத்தை நடத்தியிருக்கின்றனர். சாட்சி நேர்மையாக இருந்த காலத்தில் சிறு வியாபாரி தழைத்தான். சாட்சி விலைக்குப் போன காலத்தில் அவனே முதலில் வீழ்ந்தான்.

மணலூர்பேட்டைக்குக் கிழக்கே, ஆற்றின் அதே கரையில் இருக்கும் திருக்கோவலூர், மலையமான்கள் ஆண்ட பழம்பதி. அங்குள்ள உலகளந்த பெருமாள் கோயிலில் சித்திரமேழிப் பெரியநாட்டார் என்னும் மகாசபையாரின் கல்வெட்டு உண்டு. அக்கோயிலே சித்திரமேழி விண்ணகர் என்ற பெயராலும் ஒரு காலத்தில் வழங்கப்பட்டது. எழுபத்தொன்பது நாட்டாரைத் தம்முள் அடக்கியதாகச் சொல்லிக்கொண்ட இச்சபையார் வேளாண் குடியினர். அழகிய கலப்பையே அவர்களுடைய இலச்சினை. விளைவிப்போர் இவ்வாறு ஒன்றுகூடிய அதே நூற்றாண்டுகளில், விற்போர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் எனப் பல கணங்களாகக் கூடியிருந்தனர். இவ்விரு சாராரும் பல இடங்களில் ஒரே கல்லில் கையொப்பமிட்டவர்போல் சேர்ந்து காணப்படுகின்றனர். அக்கற்களின் தலைப்பில் கலப்பையும் துலாக்கோலும் பணப்பையும் அருகருகே செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

சிவகங்கைச் சீமையிலுள்ள பிரான்மலைக் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாசனம் ஒன்று, உப்பு, அரிசி, பயறு, பாக்கு, மிளகு, சுக்கு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம் என்று தொடங்கி யானை குதிரை வரையில் சரக்குகளை அடுக்கி, இவை ஒவ்வொன்றுக்கும் கோயிலுக்கு இன்ன அளவு கொடுப்பது என்று வணிகர்கள் தாமே கூடி நிர்ணயம் செய்துகொண்டதைக் கூறுகிறது. இதனைத் தர்மச் செயல் என்று மட்டும் வாசிப்பது என் அபிப்பிராயத்தில் பாதி வாசிப்பே ஆகும். கழுதைமேல் இரண்டு பொதி உப்பேற்றிக்கொண்டு வந்த ஏழை வணிகனும் அந்தக் கணக்கில் தன் பங்கைச் செலுத்திய அளவிலேயே அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவனாக அறியப்பட்டான். அவனை அறியாத ஊரார் அவன் சேர்ந்திருந்த சபையை அறிந்திருந்தனர். சுமத்திராத் தீவின் பாரூசில் 1088ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டிலும் ஐந்நூற்றுவர் பெயர் காணப்படுவதால், கடல் கடந்த துறைமுகத்திலும் இதே முறை கைக்கொள்ளப்பட்டது என்று கொள்ளலாம்.

கல்லில் எழுதாதவர் கடிதத்தில் எழுதினர். பழைய கெய்ரோ நகரின் யூத ஆலயத்து அறை ஒன்றில் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாகக் கிடந்து வெளிப்பட்ட காகிதங்களில், ஏடனுக்கும் மலையாளக் கரைக்கும் இடையே சரக்கனுப்பிய வணிகர்களின் கடிதங்கள் ஏராளமாக உள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி வாணிகம் செய்த ஆபிரகாம் பென் யீஜுவின் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். மிளகின் விலையோடு, இன்னான் அனுப்பிய சரக்கு எப்படி இருந்தது, இன்னான் கணக்கு ஒப்புவிக்காமல் காலம் கடத்துகிறான் என்ற செய்திகளும் அவற்றில் கலந்திருக்கும். ஒருவனைப் பற்றி எழுதியவனும் தன் பெயரோடு எழுதினான். பொய் எழுதினால் தன் பெயரும் கெடும் என்பதை அவன் அறிந்திருந்தான். இந்த நுட்பம் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

உள்ளூரில் சாட்சியாக நின்றது அளவை. இராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடவல்லான் என்ற தெய்வத் திருநாமமே மரக்காலுக்கும் பொன் நிறுக்கும் கல்லுக்கும் பெயராயிற்று. நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்த ஊர்களும் பல. ஆயினும் இந்தப் பெருமையை நாம் அளவுக்கு மீறிச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. பேரரசுகள் மறைந்த பின் ஊருக்கு ஒரு படி, மண்டிக்கு ஒரு எடை என்றாகி, வாங்கும்போது ஒன்றும் விற்கும்போது மற்றொன்றுமாக இரண்டு படிகளை வைத்திருந்த கடைக்காரர்களும் நம்மவரே. 1958 அக்டோபர் முதல் தேதி மெட்ரிக் எடை நடைமுறைக்கு வரத் தொடங்கி, வீசையும் பலமும் மணங்கும் படிப்படியாக வழக்கொழிந்து, முத்திரையிட்ட கிலோக் கல் தராசுத் தட்டில் ஏறிய பிறகே அந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கண்டோம்.

அளவை தடுமாறிய காலத்தில் ஜனங்களைக் காத்தது வாடிக்கை. மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு அறுவடை வரையில் பொறுத்திருப்பார். குடியானவர் அவருடைய எடையில் சிறிது குறை கண்டாலும் பேசாதிருப்பார். கொசுறாக விழும் ஒரு கறிவேப்பிலைக் கொத்து இருவருடைய சிநேகத்தையும் புதுப்பிக்கும். துண்டால் கையை மூடி விரலைப் பிடித்தே மாட்டுக்கு விலை பேசும் தரகரும் இந்த வாடிக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தவரே. இம்முறை நாலு ஊர் எல்லைக்குள் நன்றாகவே நடந்தது. எல்லைக்கு வெளியே அதனால் ஒரு பயனும் இல்லை என்பதைத் தென்னார்க்காட்டுச் சீமை கண்டறிந்தது வேர்க்கடலை வாணிகத்தில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பா அண்மையாகி, மார்செய்ல் நகரத்து எண்ணெய் ஆலைகளும் சவுக்காரத் தொழிற்சாலைகளும் மணிலாக்கொட்டை எனப்படும் வேர்க்கடலைக்காகக் கைநீட்டத் தொடங்கியபோது, அதை அனுப்பும் துறைமுகமாகப் புதுச்சேரி பிரசித்தி பெற்றது. 1879இல் புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் இருப்புப் பாதை இணைப்பு ஏற்பட்டது. பின்னர் விழுப்புரத்திலிருந்து திருக்கோவலூர், திருவண்ணாமலை வழியே காட்பாடிக்குச் செல்லும் பாதையும் போடப்பட்டது. பெண்ணையின் இரு கரையிலும் உள்ள செம்மண் புன்செய்க் காடுகள் மணிலாக் காடுகளாயின. குடியானவர் சிறு தரகரிடமும், சிறு தரகர் மண்டிக்காரரிடமும், மண்டிக்காரர் ஏற்றுமதிக் கம்பெனியிடமும் விற்க, கடைசியில் அதை வாங்கிய மார்செய்ல்காரர் இச்சங்கிலியில் ஒருவர் முகத்தையும் கண்டதில்லை.

காணாத இடத்தில் எது நேருமோ அதுவே நேர்ந்தது. ஓடு எளிதில் உடைவதற்காகக் காய்களை நீரில் நனைத்து உடைக்கும் பழக்கம் பரவியது; அதனால் கூலி மிச்சம், பருப்பின் எடையும் சற்றுக் கூடுதல். ஈரம் பட்ட அப்பருப்பு கப்பலின் அடித்தட்டில் பல வாரங்கள் வெந்து புழுங்கிக் கரை சேரும்போது எண்ணெய் காறலெடுத்து, உணவுக்கு உதவாமல் சவுக்காரத்துக்கே உதவும் நிலைக்கு வந்துவிடும். அவ்வண்ணம் வந்த பருப்புக்கு மார்செய்லில் விலை குறைந்தது. நனைத்தவன் ஒருவன், நனைக்காதவன் ஒருவன் என்று பிரித்தறிய அங்குள்ளவரிடம் வழியில்லாதபடியால், உலர்ந்த பருப்பை ஒழுங்காகக் கொடுத்த குடியானவனும் அந்தக் குறைந்த விலையையே பெற்றான். சாட்சியில்லாத சந்தையில் நல்ல சரக்குக்கு நேரும் கதி இதுவே. பொருளாதார சாஸ்திரிகள் இருபதாம் நூற்றாண்டில் பழைய மோட்டார் வண்டிகளின் சந்தையை உதாரணமாகக் காட்டி விளக்கிய இந்த உண்மையை, நம்மூர் மணிலாக் காட்டுக்காரர் அதற்கு முன்பே தம் பையில் கைவிட்டு உணர்ந்திருந்தார்.

உள்ளூர் மண்டியிலும் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. மாதிரி பார்ப்பதற்கென்று பிடி பிடியாக அள்ளுவதும், மகமை, தரகு, எடைக் கழிவு என்று பல பெயர்களில் பிடிப்பதும் வழக்கமாயிருந்தன. 1928இல் அறிக்கை அளித்த ராயல் விவசாயக் கமிஷன் ஒழுங்குபடுத்திய சந்தைகளை நிறுவும்படி சிபாரிசு செய்ததும், 1933இல் சென்னை மாகாணம் வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டத்தை நிறைவேற்றியதும் இந்த அனுபவங்களின் பின்னணியிலேதான். சட்டத்தின் சாரம் எளிது: எடை போடுபவன் வாங்குபவனுடைய ஆளாக இருக்கக் கூடாது, ஏலம் வெளிப்படையான விதிகளின்படி நடக்க வேண்டும், பிடித்தம் எவ்வளவு என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். திருக்கோவலூருக்கு எதிர்க்கரையில், ரயில் நிலையம் அமைந்த பக்கமாகிய அரகண்டநல்லூரில் இன்றும் நெல்லும் மணிலாவும் உளுந்தும் எள்ளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இந்தச் சட்டத்தின் வழி வந்த சந்ததியே. தமக்கு அறிமுகமில்லாத வியாபாரியிடம் விவசாயிகள் தம் விளைச்சலைத் துணிந்து ஒப்படைப்பது அந்தக் கூடத்தின் எடைமேடையை நம்பி.

விற்பவனுடைய கதை இது. வாங்குபவனுடைய கதையைத் தபாலாபீசிலிருந்து தொடங்க வேண்டும். 1877இல் இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. அதாவது, கடைக்காரர் பொட்டலத்தைத் தபாலில் சேர்ப்பார். தபால்காரர் வீட்டு வாசலில் விலையைப் பெற்றுக்கொண்டு அதைக் கொடுப்பார். பணம் மணியார்டராகக் கடைக்காரருக்குப் போய்ச் சேரும். பணத்தை முன்கூட்டி அனுப்பி ஏமாறுவோமோ என்ற அச்சம் வாங்குவோருக்கும், சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்கு அலைவோமோ என்ற அச்சம் விற்போருக்கும் ஒருங்கே தீர்ந்தது. சர்க்கார் சேவகரான தபால்காரரே நடுநின்ற சாட்சி. இந்த ஒரு ஏற்பாட்டால் கடிகாரமும் புஸ்தகமும் தைலமும் பட்டணத்திலிருந்து பட்டிக்காடு வரையில் சென்றன; கடை வைக்க முதலில்லாத வாலிபர்கள் ஒரு விலாசமும் ஒரு விளம்பரமும் கொண்டு வியாபாரிகளாயினர். பின்னாளில் ஜெமினி ஸ்டூடியோ அதிபராகப் புகழ்பெற்ற எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன்னே விளம்பரத் தொழிலிலும் தபால்வழி வியாபாரத்திலும் ஈடுபட்டிருந்தவர்தாம்.

எனினும் இந்தச் சாட்சிக்கு ஒரு கண் குருடு. பணத்தைக் கொடுத்த பிறகே பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்பது விதியானபடியால், பணம் போய்ச் சேர்ந்ததற்குத் தபால்காரர் சாட்சி சொல்வாரே தவிர, உள்ளே இருந்தது என்ன என்பதற்கு அவர் பொறுப்பல்லர். அந்த இருட்டில் புகுந்தவர் பலர். பஞ்சாங்கத்தின் பின்னட்டையிலும் பத்திரிகையின் ஓரப் பத்திகளிலும் சர்வரோக நிவாரணிகளும் வசிய மைகளும் அதிருஷ்ட மோதிரங்களும் பெருகின. நல்ல மருந்துக் கம்பெனிகள் ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்று எச்சரிக்க, போலிகளும் அதே வாசகத்தை அச்சிட்டுக்கொண்டன. கடைசியில் 1954இல் பாராளுமன்றம் மருந்துகள், மாந்திரிகப் பரிகாரங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டத்தை இயற்ற நேர்ந்தது. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னே, 1904இல், கடைக்காரரின் எடையையும் விலையையும் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருப்பதைவிடத் தாமே ஒரு கடை வைப்பது மேல் என்று கருதிய திருவல்லிக்கேணி வாசிகள் கூட்டுறவுப் பண்டகசாலை கண்டதும் நினைவுகூரத்தக்கது. இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844இல் காட்டிய வழி அது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2007இல் புஸ்தகக் கடையாகத் தொடங்கிய பிளிப்கார்ட், 2010இல் பொருளைக் கையில் பெற்றபின் பணம் கொடுக்கும் முறையைப் புகுத்தியதும் வியாபாரம் பெருகியது. நூற்று முப்பது வயதான வி.பி.பி. புதுச் சட்டை அணிந்து வந்ததை அடையாளம் கண்டுகொண்டவர் சிலரே. 2016இல் யுபிஐ வந்த பிறகு பெட்டிக்கடையிலும் தள்ளுவண்டியிலும் சதுரக் கட்டம் அச்சிட்ட அட்டை தொங்கலாயிற்று. பணம் அனுப்பிவிட்டதாகப் பொய்ப் படத்தைக் காட்டி நழுவும் சாமர்த்தியசாலிகள் தோன்றவே, இத்தனை ரூபாய் வரவு வந்தது என்று உரக்க அறிவிக்கும் சிறு ஒலிப்பெட்டி மேஜைமேல் ஏறியது. வாங்குபவன் விற்பவனை நம்புவது மாத்திரமே வாணிகம் அன்று, விற்பவனும் வாங்குபவனை நம்பியாக வேண்டும் என்பதை இப்பெட்டி நாள்தோறும் கூவிக்கொண்டிருக்கிறது.

மணலூர்பேட்டை போன்ற ஊரிலிருந்து செக்கெண்ணெய், கல்வராயன் மலைத் தேன், கடுக்காய், புளி, சாமை அரிசி ஆகியவற்றைப் பட்டணத்தாருக்கு விற்க விரும்பும் ஒருவருக்கு இன்று கடை வாடகை வேண்டாம், விளம்பரப் பலகை வேண்டாம். வாட்ஸ்அப் நிலைத்தகவலிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போடலாம், கூகுள் வரைபடத்தில் கடையின் இருப்பிடத்தைப் பதியலாம். 1976 வரையில் ஜாகீர்தார்களின் அதிகாரத்தில் இருந்த அம்மலைச் சரக்கு இன்று இத்தனை எளிதாகச் சென்னைக்குப் போகும் என்று அக்காலத்தில் ஒருவரும் எண்ணியிருக்க மாட்டார். கதவு திறந்துவிட்டது, ஐயமில்லை. ஆனால் தேனை உதாரணமாகக் கொள்வோம். 2020 டிசம்பரில் தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் புழங்கும் பதின்மூன்று தேன் வகைகளை அயல்நாட்டுப் பரிசோதனைச் சாலையில் நுட்பமாகச் சோதிப்பித்தபோது மூன்றே தேறின. பெரிய கம்பெனிகளின் பெயரே இவ்வாறு ஆட்டங்கண்ட பிறகு, பெயரற்ற புட்டியில் வரும் மலைத் தேனைக் கண்ணால் பார்த்தே வாங்குபவர் எதைக் கொண்டு நம்புவார்? தீக்குச்சியில் தொட்டு எரித்துப் பார்ப்பதும், தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும், சர்க்கரைப் பாகைக் கலக்கும் இன்றைய வித்தையின் முன் பயனற்ற பாட்டி வைத்தியமே. நனைத்த மணிலாவின் சரித்திரம் தேன் புட்டியில் மீண்டும் நடக்கிறது. மரத்தில் ஏறித் தேனெடுத்த மலைவாசியும் பாகு காய்ச்சியவனும் வாங்குபவர் கண்ணுக்கு ஒருவரே.

இங்கே நடுநிற்கும் சாட்சி யார் என்றால், ஐந்து நட்சத்திரம் என்கிறார்கள். வாங்கியவர்கள் எழுதும் அபிப்பிராயமே சாட்சி என்பது நல்ல எண்ணம்தான். கெய்ரோக் கடிதங்களின் வழியும் அதுவே. ஆனால் அந்தக் கடிதக்காரருக்குப் பெயர் இருந்தது, இழக்கத்தக்க கௌரவம் இருந்தது. நட்சத்திரம் இடுபவருக்கு அவை வேண்டியதில்லை. ஆகவே நட்சத்திரங்களே சரக்காகி விற்பனைக்கு வந்துவிட்டன. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவர் வாங்குபவர்போல் வேடமிட்டுத் தம் சரக்கைத் தாமே புகழ்ந்து எழுதலாகாது என்றும், தம் பெயரையும் விலாசத்தையும் குறைகேட்கும் அதிகாரியையும் வெளிப்படுத்த வேண்டும் என்றும் கூறுகின்றன. 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இத்தகைய அபிப்பிராயங்களைச் சேகரித்து வெளியிடுவதற்கென ஒரு தரத்தையும் வகுத்தது. ஆனால் அது விரும்பினால் கடைப்பிடிக்கத்தக்கதாகவே பிறந்தது. எடைமேடையை விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று 1933இன் சட்டம் சொல்லியிருந்தால் அரகண்டநல்லூரில் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

தனி வியாபாரி தன் யோக்கியதையைத் தானே பறைசாற்றிக்கொள்ளும் விளம்பரம் எத்துணை அழகாக இருப்பினும், அதன் மதிப்பு ஒரு எல்லையைத் தாண்டாது என்பது என் துணிபு. கூட்டமாக நின்று பொறுப்பேற்றால் அந்த மதிப்பு வேறாகிறது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களின் பண்டங்களை ‘மதி’ என்ற ஒரே பெயரில் விற்பனைக்குக் கொண்டுவருவது அத்தகைய முயற்சி. இதனினும் கெட்டியான வழியைக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகள் கண்டிருக்கின்றனர். தெய்வ உருவங்களையும் தேர்ச் சிற்பங்களையும் கதவு நிலைகளையும் செதுக்கும் அவர்களுடைய கைத்தொழில் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்பதிவு தனி ஒருவர் கேட்டுப் பெறும் சலுகை அன்று. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்கள் நலனைப் பிரதிநிதிப்படுத்தும் ஸ்தாபனமோதான் விண்ணப்பிக்க முடியும். எந்த நிலப்பரப்பில், எந்த மரத்தில், எந்த முறையில் செய்தது என்பதைச் சென்னையிலுள்ள பதிவகத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதன் பின்னரும் அப்பெயரை இட்டு விற்க விரும்பும் ஒவ்வொரு சிற்பியும் உரிமை பெற்ற உபயோகிப்பாளராகத் தனித்தனியே பதிந்துகொள்ள வேண்டும். கைபேசியில் படம் பார்த்து விநாயகர் ஒன்று வாங்க நினைக்கும் சிங்கப்பூர்க்காரர், விற்பவர் பெயர் அப்பதிவேட்டில் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். பதிவின் ஆயுள் பத்து ஆண்டு. காலத்தில் புதுப்பிக்காவிட்டால் பெயர் ஏட்டிலிருந்து நீங்கிவிடும்.